கொடியில் தொங்கிய போன்

"நல்லா இருக்காங்களாம். இங்கயே இருந்துக்கறாங்களாம்."

மகள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே மற்ற கையால் எனக்கு இதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே இரண்டு வரிதான். சொன்னது என் அக்காளாம். முதலில் எனக்குச் சிரிப்பு வரும், பின்னாலேயே கோபம் வரும். பிறந்ததிலிருந்து என் அக்காள் யாரிடமும் "நல்லா இருக்கேன்" என்று சொன்னதில்லை. அவளுக்கு டீயில் சூடு போதாது. தலையணையில் உயரம் போதாது. வெயில் அடித்தால் வெயிலைத் திட்டுவாள், மழை பெய்தால் மழையைத் திட்டுவாள். உடம்பும் மனசும் சரியாக இருந்தால்தான் அவள் குறையே சொல்லுவாள். குறை சொல்லாத அக்காளை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். அது அத்தான் இறந்த நாள்.

நானும் அக்காளும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். எனக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. எழுதப் படிக்கவும், பிறர் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கவும், எங்களைப் போன்றவர்களின் கைமொழியைப் பேசவும் அங்கேதான் கற்றேன். எனக்கு மூத்தவளான அக்காளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவளிடம் இருப்பதெல்லாம் நாங்கள் இருவரும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்ட ஒரு மொழி. அது முழுசாகத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மூன்றே பேர். அவள், நான், கல்யாணத்துக்குப் பிறகு பொறுமையாக உட்கார்ந்து கற்றுக்கொண்ட அத்தான். என் மகளுக்கு அரைகுறையாக வரும்.

அந்த மொழியில் ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதுதான் பெயர். அத்தானுக்குத் தொப்பியைச் சரிசெய்வது. அத்தானின் தம்பிக்குச் சாவிக்கொத்தை விரலில் சுற்றுவது, ஏனென்றால் அவர் தூங்கும்போதுகூடச் சுற்றிக்கொண்டிருப்பாரோ என்று எங்களுக்குச் சந்தேகம். ஆகவே இங்கேயும் அவர் சாவிக்காரர்தான்.

அத்தான் போன பிறகு அக்காள் சாவிக்காரர் வீட்டில் இருந்தாள். பெரிய வீடு, வாலுப் பிள்ளைகள், வேலைக்குப் போகும் கணவன் மனைவி. சாவுக்குப் போயிருந்தபோதே நான் அவளைக் கூப்பிட்டேன். "கொஞ்ச நாள் அவரு புழங்கின எடத்துல இருந்துட்டு வரேன். சொல்லி அனுப்பறேன்" என்றாள். நானும் காத்திருந்தேன். அவள் சொல்லி அனுப்பியதாக வந்து சேர்ந்தது அந்த இரண்டு வரிதான்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதானே என்று பட்டறையில் எல்லோரும் கேட்டார்கள். போக ரயிலில் இரண்டு நாள், வர இரண்டு நாள். நான் ஒரு தையல் பட்டறையில் துணி வெட்டுகிறவள். பள்ளிச் சீருடைகள் தைக்கும் இடம். சாவுக்கு எடுத்த விடுப்புக்குப் பிறகு இன்னும் ஒரு முறை கேட்கலாம், அதற்கும் மேல் கேட்டால் என் வெட்டு மேசையில் வேறொருத்தி நிற்பாள். கணவரோ லாரி ஓட்டுகிறவர். அவர் வீட்டில் இருக்கும் நாளை நாங்கள் விருந்தாளி வந்த நாளாகக் கொண்டாடுவோம். ஆகவே நான் போனால் ஒரே முறைதான் போக முடியும், கூட்டிக்கொண்டு வரத்தான் போக முடியும். வரமாட்டேன் என்கிறவளை எப்படிக் கூட்டிவருவது? அவள் வாயால், அதாவது அவள் கையால், ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாவிக்காரர் இரண்டு வரியோடு நிற்காமல் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டார். "புதுசா போன் வாங்கியிருக்கேன்மா. ஆளு மூஞ்சியப் பாத்துப் பேசலாம். உங்க வீட்ல யாருகிட்டயும் இல்லையா?" மகள் அதையும் எனக்குச் சொன்னாள். அவளிடம் எனக்குப் பிடித்தது அதுதான், எதையும் முழுங்கமாட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகத்தைப் பார்க்கலாம் என்றால் கையையும் பார்க்கலாம் அல்லவா? அப்போது எங்கள் வீட்டில் இருந்தது மகளின் பொத்தான் போன் ஒன்றுதான். எனக்கு எதற்குப் போன் என்று நானும் இருந்துவிட்டேன், ஊரும் இருந்துவிட்டது.

"கெளம்பு" என்றேன் மகளிடம்.

"எங்க?"

"போன் கடைக்கு."

கடையில் டை கட்டிய ஒருவர் ஓடி வந்து மகளைப் பார்த்து, "அம்மாவுக்கா?" என்று கேட்டார். அம்மா பக்கத்தில்தான் நிற்கிறேன், தூண் மாதிரி. மகள் விஷயத்தைச் சொல்வதற்குள் அவர் ஒரு பெட்டியைப் பிரித்துவிட்டார். "அம்மாவுக்குன்னா கண்ண மூடிக்கிட்டு இத எடுத்துக்கங்க. ஸ்பீக்கர் அவ்வளவு பவர். அடுத்த தெருவுக்கே கேக்கும்."

உதட்டைப் படித்துவிட்டு நான் மகளிடம் சொன்னேன்: "அப்ப அடுத்த தெருக்காரங்களையே வாங்கிக்கச் சொல்லு. எனக்கு வேண்டாம்."

மகள் அதை அப்படியே சொன்னாள். டைக்காரர் என்னைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார், அசடு வழிந்தார். பிறகு நேராக என் பக்கம் திரும்பி, நிதானமாக, "உங்களுக்கு என்னம்மா பாக்கணும்?" என்று கேட்டார். அந்த ஒரு திரும்பலுக்காகவே அவரை நான் மன்னித்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. முன்பக்கக் கேமராவில் தலை முதல் இடுப்பு வரை தெரிய வேண்டும், கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் விரல் விரலாகத் தெரிய வேண்டும். சோதித்துப் பார்க்காமல் நான் ஒரு கஜம் துணிகூட வாங்குகிறவள் இல்லை. அவர் நான்கைந்து போன்களைக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்தார், ஒவ்வொன்றுக்கும் இரண்டடி முன்னால் மகளை நிறுத்தித் திரையைப் பார்த்தேன். "வேகமாப் பேசு" என்றேன்.

"என்ன பேச?"

"காலையில ஈரத் துண்ட படுக்கையில போட்டது யாருன்னு பேசு."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. முதல் போனில் மகளின் விரல்கள் சாயம் கலங்கிய தண்ணீராக ஓடின. இரண்டாவதில் விரல் தெளிவு, ஆனால் கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை. மூன்றாவதில் அவள் ஈரத் துண்டை விட்டுவிட்டுப் போன வாரம் நான் கருகவிட்ட ரொட்டிக்குப் போயிருந்தாள். நானும் சும்மா இருப்பேனா, பதிலுக்குப் பதில் கொடுத்தேன். கடைக்கு வந்தவர்களெல்லாம் போனை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான்காவதாக இருந்த ஒரு கறுப்புப் போனில், அவள் "எல்லாத்துக்கும் நான்தான் கெடச்சேனா" என்று இரண்டு கைகளையும் உதறியபோது பத்து விரலும் பத்து விரலாகத் தெரிந்தன.

"இதுதான்" என்றேன். சண்டையும் அத்தோடு முடிந்தது.

டைக்காரர் அதற்குள் எங்கள் கட்சிக்கு மாறியிருந்தார். பணம் கட்டி முடித்ததும், "ஒரு நிமிஷம்மா" என்று போனை வாங்கி எதையோ நோண்டினார். பிறகு தன் போனிலிருந்து என் போனுக்கு அடித்தார். என் உள்ளங்கையில் அது உறுமியது. முதுகில் இருந்த விளக்கு பளிச் பளிச் என்று மின்னியது. ஒரு கணம் என்னவென்றே புரியவில்லை. பிறகு புரிந்தது. என் ஆயுசில் முதல் முறையாக ஒரு போன் என்னைக் கூப்பிடுகிறது. மகளை இல்லை, என்னை. கடை நடுவில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி, "இன்னொரு தடவ அடிங்க" என்று கேட்டேன். அவர் அடித்தார். சுற்றி நின்றவர்களில் ஒரு அம்மாள் கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்து முதல் இரண்டு நாட்கள் அந்தப் போன் என்னைப் பாடாய்ப் படுத்தியது. திரையில் நான் வலது கையைத் தூக்கினால் கண்ணாடியில் போல எதிர்ப்பக்கம் தூக்கியது. என்னை இடதுகைக்காரியாக்கிவிட்டதோ என்று பயந்து கையை மாற்றி மாற்றிப் பேசினேன். மகள் தன் சிநேகிதியின் போனைக் கடன் வாங்கி வந்தாள்; அடுத்த அறையிலிருந்து அவளோடு பேசிப் பழகியபோது நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்மா, பாதிதான் வருது."

"போன் சரியில்லையா?"

"போன் சரியாத்தான் இருக்கு. நீதான் ஒரு கையில போனப் புடிச்சிக்கிட்டு ஒரு கையில பேசற."

தலையில் அடித்துக்கொண்டேன், அதுவும் ஒரு கையால்தான் முடிந்தது. காது கேட்கிறவர்களுக்குப் போன் ஒரு கை வேலை. எங்களுக்கு இரண்டு கையும் வாய். ஒரு கையில் போனைப் பிடித்தால் பாதி வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல. சன்னலில் சாய்த்து வைத்தேன், சரிந்து விழுந்தது. டம்ளரில் நிறுத்தினேன், கூரைதான் தெரிந்தது. சன்னலுக்கு முன்னால் நின்றால் பின்னால் வெளிச்சம் அடித்து என் கைகள் கரிக்கட்டையாகத் தெரிந்தன. மூன்றாம் நாள் பட்டறையில், தைத்து முடித்த கால்சட்டைகளை வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு கிளிப் வைத்த ஹேங்கரில், என் முக உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

முதலாளியம்மாவிடம் போய் ஒரு ஹேங்கர் கேட்டேன். எதற்கென்று கேட்டார். எழுதிக் காட்டாமல் செய்தே காட்டினேன். போனை இரண்டு கிளிப்பிலும் கவ்வ வைத்துக் கம்பியில் மாட்டினேன். உடனே அணைந்துவிட்டது. மறுபடி மாட்டினேன், மறுபடி அணைந்தது. முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டே வந்து பார்த்து, பக்கவாட்டில் இருந்த பொத்தானைக் கிளிப் அழுத்துகிறது என்று விரலால் காட்டினார். கிளிப்பை அரை விரல்கடை நகர்த்தினேன். போன் அசையாமல் நின்றது. கால்சட்டைகளுக்கு நடுவே தொங்கிய போனின் முன்னால் இரண்டு கைகளையும் வீசி, தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இருந்த மகளைக் கூப்பிட்டுப் பேசினேன். அன்றைக்கும் அவள் கையில் சிநேகிதியின் போன்தான். "முழுசா வருதும்மா!" என்றாள். பட்டறையே வந்து எட்டிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சன்னல் திரைக்கம்பியில் ஹேங்கரை மாட்டி, விளக்கைப் போட்டு, வெட்டிவைத்த துணிபோல் அலுங்காமல் நின்றேன். மகள் பக்கத்தில் நின்று சாவிக்காரருக்கு அடித்தாள்.

திரை முழுக்க அவர் மூக்கு வந்தது. பிறகு முகம் வந்தது. "அடேயப்பா, நீங்களும் வாங்கிட்டீங்களா!" என்றார். அக்காளைக் காட்டச் சொன்னோம். படம் ஆடியது, கதவு வந்தது, விளக்கு வந்தது, அக்காள் வந்தாள்.

முகம் மட்டும்.

இளைத்திருந்தாள். திரையில் இருப்பது நான்தான் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அந்த முகத்தில் ஒரு மின்னல் அடித்ததே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உடனே பேச ஆரம்பித்தாள். தோள்கள் குலுங்கின, கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் பேச்சு மட்டும் எனக்கு வரவில்லை. அவள் கைகள் படத்துக்கு வெளியே இருந்தன. சாவிக்காரர் அவள் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!" என்றாராம், மகள் சொன்னாள்.

"சித்தப்பா, கொஞ்சம் தள்ளிப் புடிங்க. கை தெரியணும்" என்றாள் மகள்.

அவர் தள்ளிப் பிடித்தார், கூரை தெரிந்தது. இறக்கிப் பிடித்தார், அக்காளின் இடுப்பு தெரிந்தது. "கை எதுக்கும்மா? மூஞ்சிதான் நல்லாத் தெரியுதே" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, காது கேட்கிறவர்களுக்கு எல்லாமே மூஞ்சியில்தான் இருக்கிறது. இருந்தாலும் எனக்கு அந்தத் திரைக்குள் கையை விட்டு அவரை இரண்டு தட்டுத் தட்டலாம் போலிருந்தது.

அதற்குள் அக்காளுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். இப்போது அவள் ஒரு கை தெரிந்தது. அந்த ஒரு கை பேசியது. நீ, அங்கே, நான், ஒரு பாதி, இன்னொரு பாதி. நான் செய்த அதே தப்பை அப்படியே செய்கிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இதை எப்படி அவளுக்குப் புரியவைப்பது? டம்ளரும் சன்னலும் உதவாது என்று எனக்குத் தெரியும். ஹேங்கர் என்றால் அவளுக்கு என்னவென்றே தெரியாது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. அதற்கு எங்கள் மொழியில் ஒரு சைகை உண்டு. துணியைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டுவது. நான் திரையைச் சுட்டிக்காட்டி அந்தச் சைகையைச் செய்தேன். போனைக் காயப்போடு.

அக்காள் இமைக்கவில்லை. ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. படம் தலைகீழாகச் சுழன்றது, கதவு தாண்டியது, வெயில் வந்தது. பின்வாசல். ஒரு பெரிய கை, ஒரு மரக்கிளிப், இன்னொரு மரக்கிளிப். ஒரு முறை அணைந்தது. மகள் திரும்ப அடித்தாள். மறுபடி வந்தபோது கிளிப் நகர்ந்திருந்தது. என் அக்காள் என் அக்காள்தான், பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். பின்னால் சாவிக்காரர், "ஐயோ, புது போன்! விழுந்துடப் போவுது!" என்று அலறிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. அக்காள் ஒரு கையை நீட்டி அவரை அங்கேயே நிறுத்தினாள். இரண்டு சட்டைகளுக்கும் ஒரு போர்வைக்கும் நடுவே போன் தொங்கியது. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். தலை முதல் இடுப்பு வரை தெரிந்தாள். இரண்டு கைகளையும் தூக்கினாள்.

பேசினாள்.

அணை உடைந்ததுபோல என்பார்களே, அப்படி. டீ வெறும் வெந்நீர். படுக்கை கல். இந்த வீட்டில் யாரும் உப்புப் போடுவதில்லை. சாவிக்காரர் குறட்டை விட்டால் தரை அதிர்கிறது, காது கேட்காத எனக்கே தூக்கம் வரவில்லை, இவன் பொண்டாட்டி எப்படித் தூங்குகிறாள்? எனக்குக் கண்ணீர் கொட்டியது. குறை சொல்கிறாள்! என் அக்காள் உயிரோடு இருக்கிறாள்!

திடீரென்று நிறுத்தினாள். முகம் மாறியது.

"ஏண்டி, என்னை வேண்டாம்னு விட்டுட்டியா?"

"யாரு சொன்னா? நீதான் வரமாட்டேன்னு சொன்னியாம்!"

"நானா? எத்தன தடவ பெட்டிய எடுத்து வாசல்ல வச்சேன் தெரியுமா? நான் வைப்பேன், இவங்க எடுத்துட்டுப் போய் உள்ள வைப்பாங்க. நான் வைப்பேன், இவங்க உள்ள வைப்பாங்க. சரி, அவளுக்குத்தான் நான் வேண்டாம் போலிருக்குன்னு விட்டுட்டேன். வரமாட்டேன்னு சொன்னேன்னு யாரு சொன்னா?"

நான் விரலை உயர்த்திச் சாவிக்கொத்தைச் சுற்றிக் காட்டினேன்.

அக்காள் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது, ஆனால் சாவிக்காரர் முகம் தெரிந்தது. அதிலிருந்தே அக்காள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று கண்டுகொண்டேன்.

"என்னம்மா சொல்றாங்க அண்ணி?" என்று அவர் கொடிக்குக் கிட்டே வந்து கேட்டார். ஞாயிறு ஞாயிறாக நாங்கள் அவரிடம் கேட்டதை முதல் முறையாக அவர் எங்களிடம் கேட்கிறார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் உரக்கச் சொன்னாள். "பெட்டிய வாசல்ல வச்சது இங்க வர்றதுக்காம். நீங்கதான் ஒவ்வொரு தடவையும் உள்ள வச்சிட்டீங்களாம்."

"பெட்டியத் தொடச்சு வைக்கறாங்கன்னு நெனச்சோம்மா" என்றார். கையில் சாவி இருந்தது, சுற்றவில்லை. "கேட்டா தலைய ஆட்டினாங்க. சிரிச்சாங்க. நல்லா இருக்காங்கன்னுதானே தோணும்?"

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னார். என்னைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குள் அவர் மனைவி ஈரக் கையோடு பின்வாசலுக்கு வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "அப்ப கொழந்தைங்கள யாரு பாத்துக்குவா?"

நான் அதை உதட்டில் படித்து, எழுத்து விடாமல் அக்காளுக்குச் சொன்னேன். அக்காள் சிரித்தாள். இத்தனை மாதமும் அவளுக்கும் எனக்கும் நடுவில் என்ன நின்றது என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"பிள்ளைங்களுக்குப் பரீட்சை முடியட்டும், பொறவு பாக்கலாமே" என்று சாவிக்காரர் மென்று விழுங்கினார்.

நான் மகளின் தோளைத் தட்டினேன். "நான் சொல்றத அப்படியே சொல்லு. இனிமே அக்கா என்ன சொல்றாங்கன்னு நான் சொல்றேன், நீங்க கேட்டுக்கங்க. அக்கா இந்த மாசமே வராங்களாம். கூட்டிட்டுப் போக நான் வரேன். பெட்டி வாசல்லயே இருக்கட்டும். யாரும் உள்ள எடுத்து வைக்க வேண்டாம்."

மகள் சொன்னாள். அக்காள் உள்ளே போனாள். சட்டைகளும் போர்வையும் காற்றில் ஆட, எங்களுக்கு ஆளில்லாத பின்வாசல் மட்டும் தெரிந்தது. பிறகு அவள் பெட்டியோடு வந்து கேமராவுக்கு நேரே தரையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் விடுப்புக் கேட்கத் தயங்கித் தயங்கிப் போனேன். முதலாளியம்மா என்னைப் பேசவே விடவில்லை. "பேசினாங்களா?" என்று கேட்டார். பேசினாள், பேசினாள், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று கையைக் காட்டினேன். "போய்க் கூட்டிட்டு வா. மேசை உனக்குத்தான்" என்றார். அத்தோடு இன்னொரு ஹேங்கரும் கொடுத்தார்.

ரயிலை விட்டு இறங்கி அந்த வீட்டு வாசலுக்குப் போனபோது அக்காள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டோம். விட்டதும் அவள் கைகள் சொன்ன முதல் வார்த்தை, "லேட்டு."

அவள் எங்களோடு வந்து சேர்ந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. மேசைமேல் கவிழ்ந்து கிடந்த என் போன் பளிச் பளிச் என்று மின்னியது. அக்காள்தான் முதலில் பார்த்தாள். இப்போதெல்லாம் அந்த விளக்குக்காகவே அவள் காத்திருக்கிறாள், மின்னினால் வீடே அவளுடையது. ஓடிப்போய் எடுத்து ஹேங்கரில் மாட்டினாள். பொத்தானில் கிளிப் படாமல் மாட்டுவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

சாவிக்காரர். நல்லவேளை, இப்போது போனைத் தள்ளிப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். "அண்ணி எப்படி இருக்காங்க?" என்றார். கேள்வி உண்மையாகவே இருந்தது, அதை மறுக்கமாட்டேன்.

நான் அக்காளிடம் கேட்டேன். அக்காள் கைகளை உதறிவிட்டு ஆரம்பித்தாள். இந்த வீட்டில் சன்னல் பக்கம் வெயில் அடிக்கிறது. தங்கச்சி ரொட்டியைக் கருக்கியே தருகிறாள். படுக்கை அங்கே கல் என்றால் இங்கே பஞ்சுமூட்டை, முதுகு உள்ளே போகிறது. லாரிக்காரர் வந்தால் பூட்ஸைக் கழற்றி நடுவாசலில் போடுகிறார். இந்தப் பெண் ஈரத் துண்டைப் படுக்கையில் போடுகிறாள். டீயைப் பற்றி அவளுக்கு மட்டும் தனியாக ஒரு பேச்சு இருந்தது. நான் பள்ளிக் கைமொழியில் மகளுக்குச் சொன்னேன். மகள் வாயால் அவருக்குச் சொன்னாள். ரொட்டி வரை வந்ததும் மகளுக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, இதெல்லாம் எப்படிச் சொல்றது? சுருக்கமா 'நல்லா இருக்காங்க'ன்னு சொல்லிடட்டுமா?"

"கூடவே கூடாது" என்றேன். "ஒரு வார்த்தை கொறையாமச் சொல்லு."

மகள் ஒன்றையும் விடாமல் சொன்னாள். அக்காள் முடிக்கும் வரைக்கும் சாவிக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்.